ஒரு ஈய மூட்டைக்கு எத்தனை தோட்டா?

சுட்ட ஷாட்கன் கூட்டுல மறுபடி மருந்தும் ரவையும் அடைக்கற மெஷின், அதாவது ரீலோடிங் பிரஸ் வாங்கிடலாம்னு முடிவு பண்ணி, துப்பாக்கி சுடற ரேஞ்சுல எங்க எல்லாருக்கும் மூத்தவரா இருக்கற அண்ணன்கிட்ட போய் எந்த மாடல் வாங்கட்டும்னு கேட்டேன். அவர் மாடல் பேரே எடுக்கல. "தம்பி, மாசத்துக்கு எத்தனை தோட்டா சுடறே, எந்த போர்ல, அதாவது எந்த சைஸ் குழாயில சுடறே, ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு ஈயம் போடப்போறே, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு வா, பிரஸ் பத்தி அப்புறம் பேசலாம்"னார். நேரா ஒரு பேர் சொல்லிட்டா போதுமேன்னு அன்னிக்கு எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. இப்ப ஆறு வருஷம் சொந்தமா தோட்டா அடைச்சு சுட்டதுக்கப்புறம் யாராவது எங்கிட்ட அதே கேள்வியைக் கேட்டா நானும் அதே மூணு கேள்வியைத்தான் திருப்பிக் கேக்கறேன், ஏன்னா காசு மிச்சமாகுமா ஆகாதாங்கறது அந்தப் பேப்பர்லதான் இருக்கு, பிரஸ் அப்புறம்தான்.

ரைஃபிள் ஆளுங்க ரீலோட் பண்றதைப் பார்த்துட்டு ஷாட்கன்லயும் அதே அளவுக்கு மிச்சமாகும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. ரைஃபிள் தோட்டாவுல காசு அதிகமா பிடிக்கற சாமான்ல ஒண்ணு அந்த பித்தளைக் கூடு, அதைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கறதாலதான் அவங்களுக்கு லாபம். ஷாட்கன் தோட்டாவோட கூடு பிளாஸ்டிக், அடியில ஒரு மெல்லிசான உலோக மூடி, அவ்வளவுதான், அதுல பெரிய காசு இல்ல. மத்த நாலும், அதாவது அடியில இருந்து தீ மூட்டற 209 ப்ரைமர், வெடிமருந்துப் பவுடர், வாட்னு சொல்ற அந்த பிளாஸ்டிக் கப், அதுக்குள்ள உக்கார்ற ஈய ரவை, எல்லாமே ஒவ்வொரு தடவையும் புதுசா வாங்கியாகணும். ஆக நாம திரும்ப எடுத்துக்கறது பெரிய காசு இல்லாத பொருளைத்தான்.

இதுல கூடுதலா காசு குடிக்கறது ஈயம். கணக்கு ரொம்ப சுலபம், ஒரு மூட்டை ரவை 25 பவுண்டு, அதாவது 400 அவுன்ஸ். 12 போர்ல ஒன்னே அரைக்கால், அதாவது 1 1/8 அவுன்ஸ் போட்டா மூட்டைக்கு 355 தோட்டா. ஒரு அவுன்ஸ் போட்டா 400. முக்காலே அரைக்கால், அதாவது 7/8 அவுன்ஸ் போட்டா 457. 28 போர்ல (நம்பர் கூடினா குழாய் சின்னது) வழக்கமா முக்கால் அவுன்ஸ், அப்ப 533. அதை விடச் சின்ன .410ல அரை அவுன்ஸ், ஒரே மூட்டையில 800 தோட்டா வந்துடும். பவுடரைப் பாருங்க, ஒரு பவுண்டுல 7000 கிரெய்ன், தோட்டாவுக்கு 18 கிரெய்ன்னு வச்சுகிட்டா (இது கணக்குக்காக சொல்றது, யாரும் இதை அளவா எடுத்துக்காதீங்க, அளவு எப்பவும் பவுடர் கம்பெனியோட டேட்டாவுலருந்துதான் வரணும்) 388 தோட்டா. அதாவது ஒரு அவுன்ஸ் தோட்டா அடைக்கற ஆளுக்கு ஈய மூட்டையும் பவுடர் டப்பாவும் ஏறக்குறைய ஒண்ணாவே காலியாகும். ப்ரைமர் ஆயிரமா வரும், வாட் பையில 250, 500னு வரும், அது ரெண்டும் ஒரு தோட்டாவுக்கு ஒண்ணுதான், குறைக்கவே வழியில்ல. குறைக்க முடியறது ஈயம் ஒண்ணுதான்.

இப்ப மிச்சத்துக்கு வருவோம். கடையில 12 போருக்கு ரெண்டு தரத்துல தோட்டா கிடைக்கும். ஒண்ணு சலுகை விலையில அடுக்கி வச்சிருப்பாங்களே அந்த மலிவு ரகம், அதுல ரவை கொஞ்சம் மென்மையான ஈயம், அதைக் கெட்டியாக்கற ஆன்டிமனி கம்மி, கூடும் ரெண்டு மூணு தடவைக்கு மேல தாங்காது. இன்னொண்ணு வின்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் மாதிரி போட்டிக்கு சுடற ரகம், ரவை கெட்டி, கூடு அருமை. நீங்க வீட்டுல அடைக்கறது நல்ல ரவை போட்டு, நல்ல கூட்டுல அடைச்சா இந்த ரெண்டாவது ரகத்துக்குச் சமம். அந்த விலையோட ஒப்பிட்டா மிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஆனா நீங்க இத்தனை நாளா சுட்டுகிட்டு இருந்தது மலிவு ரகம்னா, அதே ஒரு அவுன்ஸ் 12 போரை வீட்டுல அடைச்சு மிச்சம் பிடிக்கறது கஷ்டம். அவங்க ஈயத்தை டன் கணக்குல வாங்கறவங்க, நாம மூட்டை கணக்குல வாங்கறவங்க, எப்படிப் போட்டி போட முடியும்?

நான் ஒரு நோட்டு போட்டு வச்சிருக்கேன், சாமான் வாங்கற தேதி, விலை, எத்தனை தோட்டா ஆச்சுன்னு எல்லாம் அதுல எழுதறது வழக்கம். அதுல பார்த்தா முதல் வருஷம் முழுக்க 12 போர், ஒன்னே அரைக்கால் அவுன்ஸ், மிச்சம்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, சில மாசம் கடைத் தோட்டாவை விட கூடவே ஆகியிருக்கு. ரெண்டாவது வருஷம் 7/8க்கு இறங்கினேன், அப்பத்தான் மிச்சம் எட்டிப் பார்த்துச்சு. 28 போர் ஆரம்பிச்ச வருஷம்தான் நோட்டுல முதல் தடவையா நல்ல கணக்கு வந்துச்சு, கடை விலையில பாதிக்கும் கீழதான் ஒரு தோட்டா ஆச்சு. ஏன்னா 28, .410 ரெண்டுலயும் ஈயம் கம்மி, ஆனா கடையில விலை 12 போரை விட ஜாஸ்தி, அதைச் சுடறவங்க கம்மி, கம்பெனி கம்மியாத்தான் தயாரிக்கறாங்க. ஈயம் கம்மி, விலை ஜாஸ்தி, அந்த இடைவெளிதான் ரீலோடிங் பண்றவனோட லாபம்.

அந்த 7/8 அவுன்ஸ் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா எனக்கு இந்த வேலையில கிடைச்ச பெரிய சந்தோஷமே அதுதான். பறக்கற கிளே தட்டை சுட்டு உடைக்கற ட்ராப் போட்டியில ஒரு ரவுண்டுன்னா 25 தோட்டா, ஒரு நாள்ல நாலு ரவுண்டு சுட்டா நூறு, ஒன்னே அரைக்கால் அவுன்ஸ்ல நூறு சுட்டுட்டு வந்தா மறுநாள் தோள்பட்டை பேசும், சட்டைப் பட்டன் போடறதுக்கே கை வராது. முக்காலே அரைக்காலுக்கு இறங்கினதும் அந்த வலி போச்சு. கிளே உடையறது குறையுமோன்னு பயந்தேன், நோட்டுல ஸ்கோரும் எழுதறதால பார்த்துட்டேன், 16 யார்டுல ஒரு வித்தியாசமும் இல்ல. யோசிச்சா ஆச்சரியப்படவும் ஒண்ணுமில்ல, ஒலிம்பிக் ட்ராப்லயும், அதே மாதிரி இன்னொரு கிளே போட்டியான ஸ்கீட்லயும் 24 கிராம் ரவைதான் விதி, அது 7/8 அவுன்ஸை விட ஒரு துளி கம்மி, உலகத்துலயே நல்லா சுடறவங்க அதை வச்சுத்தான் சுடறாங்க. இந்த மாதிரி லேசான 12 போர் தோட்டா எல்லாக் கடையிலயும் கிடைக்காது, கிடைச்சாலும் ஈயம் குறைஞ்சதுக்கு விலை குறைஞ்சிருக்காது. சொந்தமா அடைச்சா குறைச்ச ஈயம் அப்படியே நம்ம பாக்கெட்டுக்கு வருது.

சரி, பிரஸ்.

இருக்கறதுலயே விலை குறைச்சலானது லீ கம்பெனியோட லோட்-ஆல். நிறைய பிளாஸ்டிக், லேசா இருக்கும், ஆனா வேலை செய்யும், பவுடருக்கும் ரவைக்கும் அளவு குடுக்கற புஷ்ஷிங் செட் கூடவே வந்துடும், மாசத்துக்கு நாலஞ்சு பெட்டி (பெட்டிக்கு 25 தோட்டா) அடைக்கற ஆளுக்குத் தாராளமா போதும். கத்துக்கறதுக்கும் நல்லது. ஆனா ஒரு விஷயம் கவனிங்க, அது 12, 16, 20 போருக்குத்தான் வருது. அதாவது எந்த போர்ல மிச்சம் அதிகமோ, அந்த 28க்கும் .410க்கும் அந்த மலிவு பிரஸ் கிடையாது. இதைத் தெரியாம வாங்கிட்டு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி இன்னொரு பிரஸ் வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன்.

அடுத்தது மெக், விஸ்கான்சின்ல மேவில்ங்கற ஊர்ல செய்யறாங்க, மேவில் என்ஜினியரிங் கம்பெனிங்கறதோட சுருக்கம்தான் அந்தப் பேரு. அவங்களோட 600 ஜூனியர்தான் ஷாட்கன் ரீலோடிங்ல பாதி பேர் கை பழகின மெஷின்னு சொல்லலாம். முழு இரும்பு. அஞ்சு ஸ்டேஷன், ஒரு கூட்டை ஒவ்வொரு ஸ்டேஷனா நாமளே கையால நகர்த்தணும், பழைய ப்ரைமரைத் தள்றது, புதுசு வைக்கறது, பவுடர் வாட் ரவை மூணையும் போடறது, கூட்டோட வாயை மூடற மடிப்பை ஆரம்பிக்கறது, மடிப்பை முடிக்கறது. அதுக்கு மேல சைஸ்மாஸ்டர், அதுல கூட்டோட அடிப்பாகத்தை ஒரு காலெட் சுத்தி இறுக்கி பழைய அளவுக்குக் கொண்டுவரும், ப்ரைமர் தானா வந்து உக்காரும். ரெண்டு மூணு துப்பாக்கியில சுட்ட கூட்டை எல்லாம் சேர்த்து அடைக்கறவங்களுக்கு இந்த காலெட் ரொம்ப முக்கியம், இல்லன்னா சில தோட்டா சேம்பர்ல, அதாவது துப்பாக்கியில தோட்டா உக்கார்ற இடத்துல, இறங்காம மாட்டும். இந்த ரெண்டுக்கும் டை செட்டை, அதாவது கூட்டுக்கு வடிவம் குடுக்கற அச்சுகளை மாத்தி வேற போருக்குப் போயிடலாம்.

அதுக்கப்புறம் ப்ரோக்ரெசிவ். ஹேண்டிலை ஒரு தடவை இழுத்தா ஒரு தோட்டா முடிஞ்சு வெளிய வரும், எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே நேரத்துல ஒவ்வொரு கூடு நிக்கும். மெக்லயே கிராப்பர் இருக்கு, தட்டை நாம சுத்தணும், 9000 வரிசை இருக்கு, தானா சுத்தும், ஹைட்ராலிக் வச்சதும் உண்டு. டில்லனோட எஸ்எல் 900 இருக்கு, பான்ஸ்னஸ் வாரன் இருக்கு, பான்ஸ்னஸ்ல கூடு ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் சைஸிங் டைக்குள்ளயே பயணம் பண்ணும், அந்தத் தோட்டாவோட அழகே தனி. வாரத்துக்கு முந்நூறு நானூறு சுடறவங்களுக்கு இது இல்லாம முடியாது. ஆனா மெக் ப்ரோக்ரெசிவ்ல போர் மாத்த முடியாது, 12க்கு வாங்கினா 12தான், 28 வேணும்னா இன்னொரு மெஷின். அப்புறம் ப்ரோக்ரெசிவ்ல ஒரு ப்ரைமர் வந்து உக்காரலன்னு வைங்க, அடுத்த ஸ்டேஷன்ல விழற பவுடர் முழுக்க அந்த ஓட்டை வழியா மெஷினுக்குள்ள கொட்டும், நிறுத்தி, கழட்டி, துடைச்சு, மறுபடி ஆரம்பிக்கணும். பழகாத கைக்கு ப்ரோக்ரெசிவ் வேகமே இல்ல.

நான் வாங்கினது பழைய 600 ஜூனியர், யாரோ வயசாகி சுடறதை நிறுத்தினவர்கிட்டருந்து. இது இன்னொரு யோசனை, இந்த மெஷின் எல்லாம் தேயறதுக்கு ஒண்ணும் பெருசா இல்ல, கிரீஸ் வச்சு வச்சிருந்தா இருபது வருஷம் ஓடினதும் புதுசு மாதிரியே ஓடும், ஸ்பேர் கிடைக்குது. பாதி விலைக்கு கிடைச்சா போட்ட காசு திரும்பற நாளும் பாதியாகும். அதைக் கண்டுபிடிக்க ரெண்டே வகுத்தல்தான், பிரஸ்ஸுக்கும் தராசுக்கும் ஆன மொத்த செலவை ஒரு தோட்டாவுக்கு மிச்சமாகற காசால வகுத்துப் பாருங்க, வர்ற எண்ணிக்கையை உங்க மாச எண்ணிக்கையால வகுங்க, எத்தனை மாசம்னு வந்துடும். அஞ்சு வருஷத்துக்கு மேல வந்தா அந்த பிரஸ் உங்களுக்கு இல்ல.

தராசுன்னு சொன்னேன், அதை யாரும் செலவுக் கணக்குல சேர்க்கறதில்ல. மெக்ல பவுடரும் ரவையும் சார்ஜ் பார்ங்கற பட்டை வழியா விழும், ஒரு பக்கம் தள்ளினா பவுடர், மறுபக்கம் தள்ளினா ரவை. பவுடர் அளவு அதுல போடற புஷ்ஷிங்கைப் பொறுத்தது. எந்த புஷ்ஷிங்குக்கு எத்தனை கிரெய்ன்னு சார்ட் இருக்கும், ஆனா என் மெஷின்ல விழறது எப்பவுமே சார்ட்டை விட கம்மி, நிறைய பேர் இதையே சொல்றாங்க. அதுவுமில்லாம சும்மா பட்டையை மட்டும் தள்ளி எடை போட்டா ஒண்ணு வரும், ஹேண்டிலை நிஜமா அடைக்கற தாளத்துல இழுத்தா அதிர்வுல பவுடர் அமுங்கி வேற ஒண்ணு வரும். அதனால நான் அஞ்சு தோட்டா முழுசா அடைக்கற மாதிரியே ஓட்டி, ஆறாவதுல விழற பவுடரை எடுத்து எடை போடுவேன், அப்படி பத்து தடவை. ரவைக்கும் இப்படித்தான். ரேஞ்சுல தரையிலருந்து சலிச்சு எடுத்த பழைய ஈயம் விலை குறைச்சலா கிடைக்கும், நான் பழகறதுக்கு அதைத்தான் வாங்கறேன், ஆனா அதுல ஏழரை, எட்டு, ஒன்பதுன்னு எல்லா நம்பரும் கலந்து கிடக்கும், புது ரவைக்கு சரியா இருந்த பட்டை அதுக்கு வேற எடை காட்டும்.

இந்த வேலையில சிக்கனம் பண்ணவே கூடாத இடம் ஒண்ணு இருக்கு. டேட்டா புக்குல ஒரு அளவு போட்டிருந்தா அது அந்தக் கூடு, அந்த ப்ரைமர், அந்த வாட், அந்த பவுடர், நாலும் சேர்ந்ததுக்கான அளவு. ஒரு ப்ரைமரை மட்டும் மாத்தினாலே பிரஷர் எங்கயோ போகும். ரெண்டேமுக்கால் இன்ச் 12 போர் தோட்டாவுக்கு பிரஷர் 11,500 பிஎஸ்ஐ வரைக்கும்தான் வரம்பு, ரைஃபிளோட ஒப்பிட்டா அது ரொம்பச் சின்ன எண், பேரலும் அதுக்கேத்த மாதிரி மெல்லிசுதான். இரும்பு ரவையை ஈய ரவைக்கான அளவுல போடவே கூடாது, அதுக்கு வாட்டே வேற. 2020லருந்து ரெண்டு வருஷம் ப்ரைமரே கண்ணுல படாம இருந்துச்சே, அப்ப கிடைச்ச ப்ரைமரைப் போட்டு ஓட்டலாம்னு நிறைய பேருக்கு ஆசை வந்துச்சு. எனக்கும் வந்துச்சு. அந்தப் ப்ரைமருக்கு டேட்டா கிடைக்கற வரைக்கும் நான் மூணு மாசம் சுடவே இல்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

அதுக்கு முந்தின வருஷம் ஒரு சாயங்காலம், மூணாவது ஸ்டேஷன்ல ஒரு கூடு நிக்கும்போது போன் வந்துச்சு, எடுத்துப் பேசிட்டு வந்து விட்ட இடத்துலருந்து தொடர்ந்தேன், அதாவது விட்ட இடம்னு நான் நினைச்ச இடத்துலருந்து. அந்தக் கூட்டுல பவுடர் விழல, வாட் மேல ரவை விழுந்துடுச்சு, மடிச்சு பெட்டியில வச்சுட்டேன், வெளிய பார்த்தா மத்த 24க்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ரேஞ்சுல சுடும்போது ட்ரிகர் அழுத்தினதும் சத்தமே வரல, "புஸ்"னு ஒரு மூச்சு, தோள்ல ஒண்ணுமே இடிக்கல, காலடியில ரவை சிதறி விழுந்துச்சு. அடுத்த தோட்டாவை எடுக்க என் கை பையிக்குள்ள போயிடுச்சு. பின்னாடி நின்ன அண்ணன் "தம்பி, நிறுத்து, துப்பாக்கியைத் திற"ன்னு கத்தினார். திறந்து, காலி பண்ணி, பேரல் வழியா வானத்தைப் பார்த்தேன், வட்டமா தெரிய வேண்டிய வெளிச்சம் தெரியல, நடுவுல வெள்ளையா வாட் அடைச்சுகிட்டு நிக்குது. அது மேல அடுத்த தோட்டாவை சுட்டிருந்தா பேரல் வெடிச்சிருக்கும், என் இடது கை அந்த இடத்துலதான் பிடிச்சிருந்துச்சு. மரக்குச்சியை விட்டுத் தள்ளி எடுத்தோம். அந்த வாட் இன்னும் என் பிரஸ் பக்கத்துல ஆணியில தொங்குது.

அன்னிலருந்து போன் வேற ரூம்ல இருக்கும். நடுவுல எழுந்தா, நிக்கற கூட்டைப் பிரிச்சுக் கொட்டிட்டுத்தான் மறுபடி ஆரம்பிப்பேன். வாட் வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பார்ப்பேன், ஒரு நேரத்துல ஒரே கூட்டை அடைக்கற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸையே நான் விடாம வச்சிருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். மேஜை மேல ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும், வேலை முடிஞ்சதும் மிச்ச பவுடர் அதோட சொந்த டப்பாவுக்கே போயிடும், மெஷின் மேல பவுடர் கொட்டி வைக்கற ஹாப்பர்ல விட்டு வைக்க மாட்டேன். கையைக் கழுவாம எதையும் வாயில வைக்கறதில்ல, ஈயம் அது. உங்க இடத்துல சட்டம் இதுக்கு அனுமதி குடுக்குதா, லைசென்ஸ் வேணுமா, வீட்டுல எவ்வளவு பவுடர் வைக்கலாம், இதையெல்லாம் பிரஸ்ஸுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

கூடு பத்தி ஒரு வார்த்தை. ஏஏ, எஸ்டிஎஸ் மாதிரி கூட்டை ரேஞ்சுல மத்தவங்க விட்டுட்டுப் போறதை, கேட்டுகிட்டு, பொறுக்கிக்கலாம், காசே இல்ல. என் கையில ஏழெட்டு தடவை வரைக்கும் ஓடுது. மடிப்போட நுனி கருகிப் பிய்ய ஆரம்பிச்சா, இல்ல அடியில ஊசி ஓட்டை மாதிரி தெரிஞ்சா தூக்கிப் போட்டுடணும். ஆறு மடிப்புக் கூட்டை ஆறு மடிப்பு டையிலயும் எட்டு மடிப்பை எட்டுலயும்தான் ஆரம்பிக்கணும், பழைய மடிப்புத் தடத்துலயே புது மடிப்பு உக்காரும்போது ஆறு இதழும் நடுவுல வந்து ஒட்டுமே, ஓட்டை இல்லாம, குழி விழாம, அதைக் கட்டைவிரலால தடவிப் பார்க்கறது தனி சுகம். நடுவுல குழி விழுந்தா உள்ள சாமான் உயரம் பத்தல, நடுவுல ஓட்டை விட்டு ரவை எட்டிப் பார்த்தா உயரம் ஜாஸ்தி. முதல் மாசம் முழுக்க எனக்கு இதுதான் போராட்டம்.

நேரம்? எனக்கு மணிக்கு நூறு தோட்டா, எடை பார்க்கறது, கூடு தரம் பிரிக்கறது எல்லாம் சேர்த்து. அந்த நேரத்தை சம்பளக் கணக்குல போட்டா எந்த போர்லயும் மிச்சம் வராது, அதையும் மறைக்காம சொல்லிடறேன். நான் அதைப் போடறதில்ல, ஏன்னா அந்த ஒரு மணி நேரத்துல வேற வேலை பார்த்து சம்பாதிக்கப் போறதில்ல, ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் மனசு ஒரே இடத்துல நிக்கற ஒரு மணி நேரம் அது. இன்னொண்ணும் நோட்டுல தெரியுது, தோட்டா மலிவானதும் நான் சுடறது கூடிடுச்சு, 28 ஆரம்பிச்ச வருஷம் தோட்டா விலை பாதிக்கும் கீழ ஆச்சு, சுட்ட எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆச்சு, வருஷக் கடைசியில செலவழிச்ச மொத்தம் கிட்டத்தட்ட அதேதான். அதே காசுக்கு ரெண்டு மடங்கு சுட்டேன், ஸ்கீட்ல முதல் தடவையா 25க்கு 25 அடிச்சதும் அந்த வருஷம்தான்.

போன வாரம் ரேஞ்சுல புதுசா சேர்ந்த ஒரு பையன் எங்கிட்ட வந்து, "அண்ணா, எந்த பிரஸ் நல்லது"ன்னு கேட்டான். மாசத்துக்கு எத்தனைடான்னு கேட்டேன். ஐம்பதுன்னான், 12 போர், கடையில இருக்கற மலிவுத் தோட்டா. நீ இப்போதைக்கு ஒண்ணும் வாங்காத, சுட்ட கூட்டை மட்டும் தூக்கிப் போடாம சேர்த்து வைன்னு சொல்லி, ஒரு காலி அட்டைப் பெட்டியை எடுத்துக் குடுத்தேன்.